வீட்டில் கட்டிய வள்ளத்தின் உட்புறத்துக்கு எனாமலா, எபொக்சியா, பொலியூரித்தேனா?

வள்ளத்தில் வெளிப்புறத்தைவிட உட்புறம்தான் முதலில் பழுதாகும். வெளியே பட்ட தண்ணீர் வழிந்து போய்விடும். உள்ளே விழுந்தது அடிப்பள்ளத்தில் கிடக்கும். மழைத்தண்ணீர், ஐஸ் கரைந்த தண்ணீர், மீன் இரத்தம், எஞ்சினுக்கு ஊற்றும்போது சிந்திய மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான் ஒன்றுசேரும். இதில் மரத்துக்கு மிகவும் கெட்டது மழைத்தண்ணீர். உப்புத்தண்ணீரில் அழுகல் பூஞ்சை இலகுவில் வளராது. நல்ல தண்ணீர் ஊறிய மரத்தில் வேகமாகப் பரவும். போதாததற்கு மேலே திருகோணமலை வெயில்.

பிளைவுட் வெட்டி, விளிம்புகளைக் கம்பியால் தைத்து, எபொக்சி றெசினும் கண்ணாடி இழை நாடாவும் வைத்து வீட்டு முற்றத்தில் கட்டும் 12 முதல் 16 அடி வரையான வள்ளத்துக்கு உள்ளே எதைப் பூசலாம் என்பதுதான் இங்கே பார்ப்பது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முழு உட்புறத்தையும் ஒரே பெயின்றால் மூடும் வழக்கம் சரிவராது. தண்ணீர் நிற்கும் இடத்துக்கு இரண்டு டின் எபொக்சி, அதாவது பெயின்றும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் தனித்தனி டின்னில் வந்து, பூச முன்னர் கலக்கும் வகை. வெயில் படும் இடத்துக்கு அதே எபொக்சியின் மேல் இரண்டு டின் பொலியூரித்தேன். எனாமலுக்கு இந்த வகை வள்ளத்துக்குள் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

எனாமலில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். கதவு, கிறில் பூசும் அதே எண்ணெய்ப் பெயின்ற். எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும், விரும்பிய நிறம் கிடைக்கும், கலக்கும் கணக்கு இல்லை, பிரஷ் பிடிக்கத் தெரியாதவரும் ஓரளவு வடிவாகப் பூசிவிடலாம். குறை முழுவதும் அது காய்வதிலும், காய்ந்த பின் தாங்குவதிலும் இருக்கிறது. புதிதாக இறுகிய எபொக்சி றெசினுக்கு நேர் மேலே எனாமலைப் பூசினால் பல தடவை அது காயவே காயாது. றெசினின் ஹார்ட்னரில் இருக்கும் அமீன் என்ற இரசாயனம், எனாமலைக் காயவைக்கும் உலோக உப்புக்களின் வேலையைத் தடுத்துவிடும். ஒரு கிழமை கழிந்தும் விரல் ஒட்டும். சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. சரியாகக் காய்ந்தாலும் பெற்றோலும் மண்ணெண்ணெயும் பட்டுப்பட்டு இளகும். சவர்க்காரத் தூள் போட்டு அடிக்கடி கழுவினால் காரம் அந்த எண்ணெயையே மெல்லச் சவர்க்காரமாக்கிவிடும். நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் கொப்புளிக்கும். மூலைகளில் தடிப்பாகத் தேங்கினால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரமாக இருந்து, பாலாடை போலச் சுருங்கும்.

ஆனால் பலகை இணைத்து, பொருத்துகளில் கலப்பத்து அடித்த, அதாவது இடுக்குகளைத் திணித்து அடைத்த, பழைய முறை மர வள்ளம் என்றால் கதை வேறு. அந்தப் பலகைகள் தண்ணீரில் ஊதி, வெயிலில் சுருங்கி, நாளும் அசையும். விறைப்பான எபொக்சிப் படலம் பொருத்துக்குப் பொருத்து வெடித்துவிடும். வெடிப்பால் போன தண்ணீர் படலத்துக்குப் பின்னால் அடைபட்டு மரத்தைத் தின்னும். அங்கே இழுவை உள்ள எனாமலோ எண்ணெயோதான் பொருத்தம். சுறா எண்ணெய் பூசிப் பழகிய பழைய பலகையைக் கழற்றிப் புது வள்ளத்துக்குப் பாவிப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்த எண்ணெய் மரத்துக்குள் ஆழமாக ஊறியிருக்கும். மேலால் எவ்வளவு தேய்த்தாலும் எபொக்சி நம்பி ஒட்டாது.

இரண்டு டின் எபொக்சிப் பெயின்ற்தான் இந்த வேலையின் முதுகெலும்பு. தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதிலும் மண்ணெண்ணெயைத் தாங்குவதிலும் இந்த மூன்றில் அதற்கு நிகர் இல்லை. பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஆகவும் அதுவே, அடிப்பள்ளத்திலும் சாமான் பெட்டிகளுக்குள்ளும் கடைசிப் பூச்சாகவும் அதுவே. பெரிய குறை ஒன்று உண்டு: வெயிலில் சுண்ணாம்பு போல் மாவுதட்டும். சில மாதத்தில் மினுக்கம் போய், கையால் தடவினால் வெள்ளைத் தூள் வரும். வெள்ளை நிறம் மஞ்சளிக்கும். படலம் உடனே பழுதாகிவிடாது என்றாலும் திறந்த இடத்தில் அதையே கடைசிப் பூச்சாக விடக்கூடாது.

கலக்கும் விகிதம் டின்னில் இருப்பதுதான், 4க்கு 1 ஆனாலும் 3க்கு 1 ஆனாலும். இங்கே நிறையப் பேர் பிழைவிடுவது பைபர் வள்ள வேலையில் வந்த பழக்கத்தால். பொலியெஸ்டர் றெசினுக்கு ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டினால் வேகமாக இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். எபொக்சி அப்படியில்லை. அதில் இரண்டு பகுதியும் கணக்குக்குக் கணக்கு சேர்ந்து ஒன்றாக வேண்டும். கூடிப்போன ஹார்ட்னர் சேர ஆளில்லாமல் படலத்துக்குள்ளேயே நின்று அதை மெத்தென்றாக்கும், தண்ணீரையும் இழுக்கும். கண்மட்டத்துக்கு ஊற்றாமல் அளவுக் கோப்பையால் அளக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே அடிவரை கிளறி, பிறகு சேர்த்து, பக்கத்தையும் அடியையும் வழித்து 3 நிமிடமாவது கலக்கி, டின்னில் சொல்லியிருந்தால் 15 முதல் 30 நிமிடம் வைத்திருந்து பூச வேண்டும். 25 பாகையில் சொல்லப்பட்ட பாவனை நேரம் 35 பாகையில் ஏறக்குறையப் பாதி. ஆகவே ஒருமுறைக்கு அரை லீற்றருக்கு மேல் கலக்காதீர்கள். நிறம் சேராத வெறும் றெசின் என்றால் இன்னும் கவனம்: 200 மில்லி லீற்றருக்கு மேல் உயரமான கோப்பையில் விட்டுவைத்தால் சூடேறிப் புகைக்கும். கலக்கியவுடன் அகலத் தட்டில் ஊற்றிவிட்டால் நேரம் கிடைக்கும்.

பொலியூரித்தேனில் இரண்டு டின் வகையைத்தான் சொல்கிறோம். வெயிலில் நிறமும் மினுக்கமும் நிற்பது இதில்தான். எண்ணெய்க் கறை துடைத்தால் போகும், மீன் பெட்டி இழுபட்டாலும் எளிதில் கீறாது. ஆனால் எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கொப்புளிக்கும். அதனால்தான் அடிப்பள்ளத்துக்கு வேண்டாம் என்கிறோம். அதோடு அதன் ஹார்ட்னருக்கு ஈரம் ஆகாது. பூசிய இரவில் பனி விழுந்தால் காலையில் கண்ணாடி போல் இருக்க வேண்டியது புகைபடிந்து மங்கிக் கிடக்கும். தின்னரும் அதற்குரியதாகவே இருக்க வேண்டும். வாகனப் பெயின்றுக்கு விற்கும் சாதாரணத் தின்னரில் அல்ககோல் கலந்திருக்கலாம். அது ஹார்ட்னரைத் தின்றுவிடும், படலம் மெத்தென்றே இருந்துவிடும். எல்லாத்துக்கும் ஒரே தின்னர் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இருக்கைப் பலகையை மரநிறமாகவே காட்ட விரும்பினால் வார்னிஷ் போடலாம். 5, 6 பூச்சு வேண்டும், இந்த வெயிலில் ஆண்டுக்கொரு தடவை மேல் பூச்சும் வேண்டும். வள்ளத்தின் அடிக்கு நிறம்பூச வாங்கிய, பாசி பிடிக்காத செம்புப் பெயின்ற் மீதியிருந்தால் அதை உள்ளே பூசாதீர்கள். அது நஞ்சு, காலும் மீனும் படும் இடத்துக்கு உரியதல்ல.

இனி, பூச முன்னர் பரப்பைத் தயாராக்கும் வேலை. உட்புறப் பூச்சு உரிந்து வருகிற இடங்களைச் சுரண்டிப் பார்த்தால் பெயின்றில் குறை இருப்பது குறைவு, அடியில் விட்ட பிழைதான் கூட. எபொக்சி றெசின் ஈரக்காற்றில் இறுகும்போது மேலே மெழுகு போல ஒரு படை கட்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்கு வழுக்கும். இது தண்ணீரில் கரையும், தின்னரில் கரையாது. ஆகவே முதல் வேலை கழுவுவது: நல்ல தண்ணீரும் பச்சைத் தேய்ப்புப் பஞ்சும் எடுத்துத் தேய்த்து, தண்ணீரை மாற்றி இரண்டாம் தரமும் கழுவி, அது தானாகக் காய முன்னரே துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கடலோரக் கிணறு பலவற்றில் தண்ணீர் உவர். உப்பு படிந்தால் அதுவே பிறகு கொப்புளம் எழுப்பும். குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். கழுவ முன்னர் சான்ட் பேப்பர் போட்டால் அந்த மெழுகைக் கீறல்களுக்குள் தேய்த்து இறக்கியதாகிவிடும். கழுவிய பின் தேய்க்கும்போது தூள் வெள்ளை மாவாகக் கொட்டினால் சரி. கடதாசியில் பிசினாக அடைத்தால் இன்னொரு தடவை கழுவ வேண்டும், அல்லது றெசின் இன்னும் இறுகவில்லை.

தேய்ப்பது 80ஆம் இலக்கச் சான்ட் பேப்பரில் தொடங்கி 120இல் பிரைமருக்கு நிறுத்தலாம். பிரைமருக்கு மேல் 220. மூலைகளில் றெசின் பசை வைத்து வளைத்த இடத்துக்கு கை போகாது. அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டில் சான்ட் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் வளைவு கெடாமல் வரும். குழி, ஊசித்துளை அடைக்கச் சுவர்ப் புட்டியும் வேண்டாம், வாகனத்தின் உடலுக்குப் பூசும் புட்டியும் வேண்டாம். முதலாவது கரையும், இரண்டாவது தண்ணீர் குடிக்கும். எபொக்சி றெசினில் நிரப்புத்தூள் கலந்து நீங்களே பசை செய்வதுதான் நல்லது. பெயின்ற் வேலை முடியும் வரை சிலிக்கோன் குழாயை வள்ளத்துக்கு அருகிலும் கொண்டுவராதீர்கள். அது தொட்ட இடத்தில் பெயின்ற் விலகி மீன்கண் போல் வட்டம் வட்டமாக நிற்கும். தேங்காயெண்ணெய் பட்ட கையும் அதையேதான் செய்யும். துடைக்கும்போது ஒரு துணியால் தின்னர் பூசி, அது காய முன்னர் வேறு சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது.

பிளைவுட்டின் வெட்டு விளிம்புகள் முகத்தைவிடப் பல மடங்கு றெசின் குடிக்கும். அங்கே ஒன்று காய முன்னர் அடுத்தது என்று மூன்று தரம் ஊட்ட வேண்டும். குறுக்குச் சட்டங்களின் அடியில் தண்ணீர் ஓட விடும் துளைகளைப் பலர் துளைத்தபடியே விட்டுவிடுவார்கள். அழுகல் தொடங்கும் இடம் அதுதான். 16 மில்லி மீற்றரில் துளைத்து, தடித்த எபொக்சியால் முழுதாக அடைத்து, இறுகிய பின் நடுவில் 10 மில்லி மீற்றரில் திரும்பத் துளைத்தால் மரத்தில் தண்ணீர் படாமல் எபொக்சிக் குழாய் வழியாக ஓடும். அரை நாள் வேலை, பல ஆண்டு பலன். அணியத்திலும் (முன்பக்கம்) கடையாலிலும் (பின்பக்கம்) மிதப்புக்காக மூடும் காற்றுப் பெட்டிகளின் உட்புறத்துக்கு மட்டும் மூன்று பூச்சுத் தெளிந்த றெசின் போதும். நிறம் பூசினால் உள்ளே மரம் கறுப்பது தெரியாமல் போய்விடும். திறந்து பார்க்க ஒரு மூடி கட்டாயம் வேண்டும்.

திருகோணமலையில் நேரம் பார்ப்பது பாதி வேலை. ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை வாடை மழை. கூரையும் நாலு பக்கக் காற்றும் உள்ள கொட்டில் இல்லாவிட்டால் அப்போது டின்னைத் திறக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம், ஆனால் அதற்கும் ஒரு தொல்லை உண்டு: கச்சான் காற்று. சூடாகவும் வறட்சியாகவும் வீசும்போது பூசிய விளிம்பு அடுத்த தடவல் வருவதற்குள் காய்ந்து கோடு விழும், புழுதியும் ஒட்டும். மெதுவாகக் காயும் தின்னரை 5 முதல் 10 வீதம் வரை சேர்த்து, அகலம் குறைந்த பட்டைகளாகப் பூசிப் போக வேண்டும்.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் உண்டு. வெறும் மரத்தில் முதல் றெசின் பூச்சைக் காலையில் போடாதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழாக வெளியே வரும், படலம் முழுக்க ஊசித்துளை விழும். சூடு இறங்கத் தொடங்கும் பின்னேரம் 3 மணியளவில் நிழலில் பூசினால் மரம் றெசினை உள்ளிழுக்கும். இரவு ஈரத்தில் மெழுகு கட்டினாலும் கழுவிவிடலாம். பெயின்றுக்கு இதற்கு நேர்மாறு: பனி உலர்ந்த பின் காலை 8 மணிக்குத் தொடங்கி 11 மணியோடு நிறுத்துவது நல்லது, கூடிப்போனால் மதியம் 2 மணி. பொது விதி, பலகையின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் சூட்டைவிட, 3 பாகையாவது கூட இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 30 பாகையில் ஈரப்பதம் 80 வீதம் என்றால் பனிநிலை 26 பாகை. பின்னேரம் வானம் பார்த்துக் கிடக்கும் வள்ளம் அந்த 26க்கு இறங்க அதிக நேரம் எடுக்காது. தார்ப்பாலைப் பலகையில் படும்படி இறுக்கிப் போர்த்தவும் கூடாது. உள்ளே வியர்த்துச் சொட்டும். கம்பு நட்டு, காற்றுப் போக உயர்த்திக் கட்டுங்கள். மழை பெய்து விட்ட மாலையில் விளக்குப் போட்டு வேலை செய்தால் ஈசல் எல்லாம் பெயின்றில்தான் விழும்.

அளவுக் கணக்கு. 14 அடி வள்ளத்தில் இருக்கை, சட்டங்கள் எல்லாம் சேர்த்து உட்பரப்பு ஏறக்குறைய 14 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்பள்ளமும் சாமான் பெட்டிகளும் 5, வெயில் படுவது 9. டின்னில் திண்மம், அதாவது தின்னர் போன பின் படலமாக நிற்கும் பங்கு, கன அளவில் எத்தனை வீதம் என்று பாருங்கள். அதைப் 10ஆல் பெருக்கி, காய்ந்த படலத்தின் தடிப்பால், அதாவது மைக்ரோனால் (மில்லி மீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வகுத்தால் ஒரு லீற்றர் எத்தனை சதுர மீற்றருக்குப் போகும் என்று வரும். 50 வீத எபொக்சியை 50 மைக்ரோனுக்குப் பூசினால் 10 சதுர மீற்றர். முழுவதும் இரண்டு பூச்சு, அடிப்பள்ளத்துக்கும் பெட்டிகளுக்கும் மூன்றாவது பூச்சு, ரோலரிலும் தட்டிலும் வீணாவதற்கு 30 வீதம் என்றால் நாலேகால் லீற்றர் கிட்ட வரும். 5 லீற்றர் வாங்கினால் பிறகு திருத்தவும் இருக்கும். பொலியூரித்தேன் 9 சதுர மீற்றருக்கு இரண்டு பூச்சு, இரண்டு லீற்றர் சொச்சம். அடியில் போகும் தெளிந்த றெசின் மூன்று பூச்சுக்கு 5 லீற்றர்.

ரோலர் 4 அங்குலம், தின்னருக்குக் கரையாத வகை. மலிவான பஞ்சு ரோலர் பத்து நிமிடத்தில் ஊதி உதிரும். ஒருவர் ரோலரால் தள்ளிக்கொண்டு போக, மற்றவர் நல்ல பிரஷின் நுனியால் மட்டும் மெல்லத் தடவிக் குமிழ் உடைத்தால் தோடம்பழத் தோல் போல் புள்ளி விழாது. எபொக்சிப் பிரைமரில் பெருவிரலை அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் பெயின்ற் வரக்கூடாது. அந்த நேரத்தில் மேல் பூச்சு ஏறினால் இரண்டும் ஒன்றாகப் பிணையும். அந்த நேரம் தப்பிவிட்டால் முழுதாக இறுக விட்டு, தேய்த்துத்தான் பூச வேண்டும். அவசரப்பட்டுத் தடிப்பாக ஏற்றினால் தின்னர் உள்ளே அடைபட்டு வாரக்கணக்கில் நகம் பதியும்.

நிறத்தில் மினுங்கும் வெள்ளை வேண்டாம். நடுப்பகலில் கண் கூசும். கடும் நிறம் வெறுங்காலைச் சுடும். வெளிர் சாம்பல் அல்லது கிறீம், பாதி மினுக்கம் போதும். முற்றிலும் மினுக்கமில்லாததில் மீன் இரத்தம் ஊறி, கழுவினாலும் போகாமல் நிற்கும். அடிப்பள்ளத்துக்கும் வெளிர் சாம்பலே. எண்ணெய் கசிந்தாலும் வெடிப்பு விழுந்தாலும் உடனே கண்ணில் படும். கால் வழுக்காமல் இருக்க ஈரப் பெயின்றில் மணல் தூவுவது நல்ல வழி, ஆனால் கடற்கரை மணல் அல்ல. அதன் உப்பு படலத்துக்குள் தண்ணீரை இழுத்துக் கொப்புளம் தரும். ஆற்று மணலை நாலைந்து தரம் நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, தேயிலை வடியில் அரித்து, பெயின்ற் தெரியாத அளவுக்குத் தூவி, காய்ந்த பின் ஒட்டாததைக் கூட்டி எடுத்து, மேலே இரண்டு பூச்சுப் பூசுங்கள். வலை இழுத்துப் போடும் இடத்துக்கும் முழங்கால் ஊன்றும் இடத்துக்கும் இது வேண்டாம். நைலோன் நூலை அரம் போல் அறுக்கும்.

வாங்கும்போது டின்னில் உற்பத்தித் திகதியைப் பாருங்கள். பொலியூரித்தேன் ஹார்ட்னர் டின் ஊதியிருந்தாலோ, உள்ளே பாணி போல் தடித்திருந்தாலோ அதில் ஈரம் போய்விட்டது. சோடாப் போத்தலில் பிரித்து ஊற்றித் தரும் ஹார்ட்னரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கக்கூடாது. இரண்டு டின்னும் ஒரே கம்பனியின் ஒரே சோடியாக இருக்க வேண்டும். எனாமல் போலக் கேட்டவுடன் எல்லாக் கடையிலும் கிடைக்காது. முன்கூட்டியே சொல்லிவைத்து எடுப்பியுங்கள்.

ஒரு விடயத்தைக் கவனமாகக் கேளுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது. திறந்த வெளியில் நிற்கும் வள்ளம்கூட அந்த ஆவிக்கு ஒரு தொட்டிதான். குனிந்து அடிப்பள்ளம் பூசுபவரின் முகம் சரியாக அதற்குள் இருக்கும். பெட்டிக்குள் தலையை விட்டுப் பூசுவது இன்னும் மோசம். மின்விசிறியை வெளியே, காற்று வரும் பக்கத்தில் வைத்து நல்ல காற்றை அடிவரை ஊத விட வேண்டும். ஆவியை விசிறி வழியாக உறிஞ்சவிட்டால் மோட்டார்ப் பொறி தீ மூட்டும். தூசிக்குப் போடும் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரி அடைத்த வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். இரண்டு டின் பொலியூரித்தேனை வள்ளத்துக்குள் ஸ்பிரே பண்ணவே வேண்டாம். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் என்ற இரசாயனம் மூச்சில் போனால் நிரந்தர ஆஸ்துமா வரலாம். ரோலரும் பிரஷும் போதும். சிறு பிள்ளைகள் விளையாடும் முற்றமென்றால் அன்றைக்கு அவர்களை வேறு இடத்தில் விடுங்கள்.

முழு வள்ளத்தையும் பூச முன்னர் உள்ளங்கையளவு இடத்தில் மூன்று பூச்சும் போட்டு ஒரு கிழமை விட்டு, பிளேட்டால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டும் நாடாவை அழுத்தி இழுத்துப் பாருங்கள். சதுரங்கள் நாடாவோடு வந்தால் கழுவலிலோ தேய்ப்பிலோ குறை. முழு வேலையும் முடிந்த பின் பெட்டி மூடிகளைத் திறந்தபடி 7 நாள் விட வேண்டும். அதுவரை தண்ணீரும் வேண்டாம், மீன் பெட்டியும் வேண்டாம். பிறகு எங்காவது நங்கூரம் விழுந்து மரம் தெரியும்வரை சுரண்டுப்பட்டால் நாள் கடத்தாமல் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் உலர விட்டு, றெசின் ஒரு துளி, எபொக்சி இரண்டு பூச்சு, வெயில் படும் இடமென்றால் அதன் மேல் பொலியூரித்தேன். அந்தத் திருத்தத்துக்கென்று 100 மில்லி லீற்றர் வீதம் மீதத்தைக் கலக்காமல், சிறிய டின்னில் விளிம்புவரை நிரப்பி, இறுக்கி மூடி, நிழலில் வையுங்கள். பாதி டின்னில் நிற்கும் காற்றின் ஈரமே ஹார்ட்னரைக் கெடுத்துவிடும்.